பின்லாந்து ஏரிக்கு ஒரு செஞ்சி லஸ்கர்

செஞ்சியில் கோட்டை ஏறியவர்களைவிட எங்கள் லஸ்கரிடம் திட்டு வாங்கியவர்கள்தான் அதிகம். இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார். மூச்சு வாங்க மலை ஏறி இறங்கி, ஊருக்குத் திரும்பும் வழியில் ஏரிக்கரையில் நின்று ஒரு செல்ஃபி எடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு இல்லையா? அங்கேதான் லஸ்கர் இருப்பார். காதுக்குள் ஆணி இறக்கிய மாதிரி நீளமாக ஒரு விசில் வரும். பின்னாலேயே குரல் வரும்: "இன்னாய்யா, ஏரி இன்னா உன் வூட்டு பாத்ரூமா? கால எடு தண்ணிலேர்ந்து." கோட்டையின் அழகை மறந்து அந்தக் குரலை மட்டும் ஊருக்குக் கொண்டுபோனவர்கள் எத்தனையோ பேர்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஏரி மதகைத் திறந்து மூடி, கரையைக் காவல் காத்து, தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று தினமும் பார்த்து எழுதிவைக்கிற அரசாங்க ஊழியருக்கு லஸ்கர் என்று பெயர். இவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. அதை ஜெராக்ஸ் எடுத்தவன் நான் என்பதால் எனக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே யாரும் கை காட்ட மாட்டார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. காக்கிச் சட்டையும் ஓய்வு பெறவில்லை, கழுத்தில் தொங்கும் விசிலும் ஓய்வு பெறவில்லை. "ரிட்டயர்டு ஆனப்புறம் எதுக்குண்ணா இந்த அலைச்சல்?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். "ஏரி ரிட்டயர்டு ஆயிடுச்சா சார்? அது ஆவட்டும், நானும் ஆவுறேன்" என்றார்.

எனக்கும் அவருக்கும் உள்ள உறவு மனு உறவு. தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மனுவும் டைப் அடித்துத் தருவேன். திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள். ஊரே வரிசையில் நிற்க, லஸ்கர் முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ஏரியில் கோழிக் கழிவு கொட்டியது பற்றி ஒரு மனு. கரையில் எருமை கட்டியது பற்றி ஒரு மனு. எருமைக்காரர் விளக்கம் கொடுத்தது பற்றி ஒரு மனு. அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஒரு வார்த்தையை மாற்றினால் விசில் வரும், கடைக்குள்ளேயே.

ஒருமுறை கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுக்க வந்தது. மாப்பிள்ளை கோட்டு சூட்டு, பெண்ணுக்குத் தரையைக் கூட்டிக்கொண்டு வரும் கவுன், தலைக்கு மேல் டிரோன். தண்ணீர் ஓரமாக மாப்பிள்ளை மண்டியிட்டு மோதிரத்தை நீட்டுகிறார். அந்த நேரம் பார்த்து விசில். மாப்பிள்ளை பதறி எழுந்து பின்னால் ஒரு காலை வைத்தார். முழங்கால் வரைக்கும் சேறு. புது ஷூ இன்றைக்கும் அந்த ஏரிக்குள்தான் இருக்கிறது. அதற்கும் லஸ்கர் என்னிடம் வந்து மனு எழுதினார், ஏரியில் தோல் பொருள் வீசப்பட்டதாக.

இவரைப் பற்றிச் சொல்லும்போது அவலூர்பேட்டை பஸ் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. அன்றைக்கு நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன், ஒன்றரை மணி நேரத்தை இழந்தேன், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. பஸ் ஏரிக்கரை ரோட்டில் போகும்போது யாரோ ஒருவர் பிரியாணிப் பொட்டலத்துக் கவரை ஜன்னல் வழியாகத் தண்ணீரில் எறிந்தார். பின் சீட்டிலிருந்து லஸ்கர் ஊதினார். நம் ஊர் பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. கைக்குழந்தைக்கும் தெரிந்த சட்டம். டிரைவர் பிரேக் போட்டார். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் கம்பியில் போய் மோதினார்.

"யோவ், ஊதுனது யாரு? நான் ஒருத்தன் இங்க இன்னாத்துக்கு இருக்கேன்?"

"நான்தான். அந்தாளு எறங்கி கவர எடுத்துட்டு வரணும்" என்றார் லஸ்கர்.

எறிந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, எடுத்துக்கொண்டு வந்து, கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு முடிந்திருக்க வேண்டும். கண்டக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வண்டிய நிறுத்துனது நீதான? நீயே ரெண்டு ஊது. நான் ஊத மாட்டேன்."

லஸ்கர் அசையவில்லை. "நிறுத்துறதுதான் என் வேல. போவ சொல்றது என் வேல கெடையாது."

"அப்போ வண்டி நிக்கட்டும்."

"நிக்கட்டும்."

நின்றது. டிரைவர் கீழே இறங்கி ஒரு மர நிழலில் படுத்தார். பஸ்ஸில் இருந்த பெண்கள் லஸ்கரையும் கண்டக்டரையும் சேர்த்துத் திட்டினார்கள். பின்னால் வந்த பஸ்ஸும் நின்று, அந்த பஸ்ஸின் கண்டக்டர் வந்து சமாதானம் பேசி, கடைசியில் அவர்தான் இரண்டு ஊதினார். அன்றிலிருந்து லஸ்கரும் எங்கள் கண்டக்டரும் எதிரிகள். அதாவது தினம் என் கடைக்குப் பக்கத்து டீக்கடையில், ஒரே பெஞ்சில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடிப்பார்கள். கண்டக்டரும் பிற்பாடு ஓய்வு பெற்றுவிட்டார், பகை மட்டும் சர்வீஸில் இருந்தது.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரே மகள். பெயர் கலைச்செல்வி, எங்களுக்கெல்லாம் கலை. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டார். கலைக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு கோடையில் ஏரி வற்றிக் கிடந்தது. பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்த தரை. அந்தப் பெண் நடுவில் ஏதோ பறவை முட்டையைப் பார்க்க ஓடியது. அங்கே யாரோ மண் எடுத்த பள்ளம் ஒன்று உண்டு. மேலே காய்ந்த ஆடை, உள்ளே ஆளை விழுங்குகிற சேறு. கரையில் நின்ற லஸ்கருக்கு அது தெரியும். ஓடிப் போய்ப் பிடிக்க நேரமில்லை. ஊதினார். ஒரே ஒரு விசில். பெண் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றது. அவர் போய்த் தூக்கிக்கொண்டு வந்து கரையில் நிறுத்தி ஓங்கி ஓர் அறை விட்டார். அதைப் பார்த்தவன் நான். அறைந்த கையாலேயே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வீடு வரைக்கும் இறக்காமல் நடந்ததையும் பார்த்தேன்.

அதற்கப்புறம் அந்தப் பெண் எங்கே இருந்தாலும் ஒரு விசில் கேட்டால் நின்றுவிடும். கூட்டு ரோட்டில் டிராஃபிக் போலீஸ் யாருக்கோ ஊதினால் இது நிற்கும். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஆரம்பிக்க விசில் ஊதினார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஓடின, கலை மட்டும் நின்றது. வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தக் கலை நர்சிங் படித்து, சென்னையில் வேலை பார்த்து, அங்கிருந்து பின்லாந்துக்குப் போய்விட்டது. ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அந்த நாட்டில் ஊருக்கு ஊர் ஏரி என்று கேள்விப்பட்டதும் லஸ்கருக்கு ஏற்பட்ட பெருமையைப் பார்க்க வேண்டுமே. "எத்தன லஸ்கர் போட்டிருக்கானுங்களாம்?" என்று கேட்கச் சொன்னார். ஒருவரும் கிடையாது என்று பதில் வந்தது. அன்றைக்கே அந்த நாட்டின் மேல் அவருக்கு ஒரு கடுப்பு விழுந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பனிக்காலத்தில் கலை எனக்கு போன் செய்தது. "மாமா, இங்க பனில ஓடுற வண்டி ஓட்ட கத்துக்கிட்டேன். முன்னால சறுக்குற கட்ட ரெண்டு, பின்னால டேங்க் மாதிரி பெல்ட்டு. ரேஸ்ல பேர் குடுத்திருக்கேன். ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நிக்கும், பச்ச லைட்டு எரிஞ்சதும் நேரா போவணும், அவ்ளோதான்."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன், அசட்டுத்தனமாக.

"ரேஸ் நடக்கறது ஏரி மேல மாமா. உறைஞ்சிப் போன ஏரி. நீங்கதான் நைனாகிட்ட சொல்லணும்."

நான் ஏன் சொல்ல வேண்டும்? ஊரில் வேறு ஆளே இல்லையா? இருந்தாலும் சொன்னேன். லஸ்கர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏரி மேலயா?"

"ஆமாண்ணா."

"ஏரில தண்ணி இருக்குதா?"

"இருக்குது. மேல மட்டும் உறைஞ்சி கெட்டியா இருக்குது."

"மேல கெட்டி, கீழ தண்ணி" என்று அவர் மெதுவாகச் சொன்னார். "அத எனுக்கு நீ சொல்லித் தரியா சார்?" பிறகு என் போனிலேயே மகளைக் கூப்பிட்டார். "நீ அந்த ஏரில வண்டி ஏத்துன, உனுக்கும் எனுக்கும் பேச்சு கெடையாது."

ஸ்பீக்கரில் கலையின் குரல் தெளிவாக வந்தது. "நான் ஓட்டத்தான் போறேன் நைனா. நீ பாக்கலன்னாலும் ஓட்டுவேன். ஆனா நீ பாக்கணும்." அப்பன் மகள் பேச்சு அந்த வண்டியோடு போகுமா, இருக்குமா என்பது அந்த நிமிஷத்திலிருந்து என் கவலையும் ஆகிவிட்டது. யாருக்கு வந்த தலைவலியோ.

மறுநாள் திங்கட்கிழமை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "அடி சார். அனுப்புநர், என் பேரு. பெறுநர், உயர்திரு அதிகாரி அவர்கள், ஏரிகள் துறை, பின்லாந்து. பொருள், ஏரியின் மேல் வாகனங்கள் ஓடுவதை உடனே தடுத்து நிறுத்தக் கோருதல்." அப்படி ஒரு துறை இருக்கிறதோ இல்லையோ என்றேன். "ஏரி இருக்குதுல்ல? அப்ப துறையும் இருக்கும். அடி." அடித்தேன். முகவரி தெரியாததால் அந்த மனு என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. நகல் அவர் பையில் போயிற்று.

கடைசியில் அவராகவே ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். "என் கண்ணு முன்னால பனிய அளந்து காட்டணும். அளவு பாக்காம எறங்கவிட மாட்டேன்." கலை சரி என்றது.

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே காலை, நமக்கு மத்தியானம். என் கடை ஷட்டரைப் பாதி இறக்கி, கம்ப்யூட்டர் திரையில் வீடியோ கால் போட்டேன். லஸ்கர் துவைத்துத் தேய்த்த காக்கிச் சட்டையில், கையில் டேப்போடு வந்தார். பக்கத்து டீ மாஸ்டர் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் கண்டக்டரும் குனிந்து உள்ளே நுழைந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தேன் என்றார். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

கலையோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தன் போனில் எல்லாவற்றையும் காட்டினாள். கலையின் ஹெல்மெட்டுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர். நைனா பேசுவது கேட்க வேண்டும் என்று அதுவே மாட்டிக்கொண்டது. இந்த வசதிதான் பின்னால் வினையாக வந்தது.

திரை முழுக்க வெள்ளை. கண்ணைக் கசக்கிப் பார்த்தால்தான் அது ஏரி என்று புரியும். லஸ்கர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இன்னா சார் அது, கார் மாதிரி தெரியுது?" கார்தான். ஏரி மேல் வரிசையாகக் கார்கள் நிறுத்தியிருந்தார்கள். "ஸ்டாண்டே போட்டு வெச்சிருக்கானுங்க பாரு." அந்தப் பெண் போனைத் திருப்பினாள். காப்பிக் கடை. அடுப்பு மூட்டிக் கறி வாட்டிக்கொண்டிருந்தார்கள். "ஏரி மேல அடுப்பு." இன்னும் கொஞ்சம் திருப்பினாள். நீல நிறத்தில் கதவு வைத்த பெட்டி ஒன்று, அதற்கு முன்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

"அது இன்னாம்மா?"

"அது டாய்லெட்டு நைனா" என்றது கலை.

லஸ்கர் எழுந்துவிட்டார். முப்பது வருஷம் எருமையைக்கூட இறங்கவிடாமல் காத்த மனிதர். "ஏரி நடுவுல கக்கூஸ் கட்டி வெச்சிருக்கான் சார். இவன கேக்க நாதி இல்லியா? இந்த ஊரு ஒரு ஊரா?" கை விசிலுக்குப் போனது. நான் பிடித்து உட்கார வைத்தேன். வண்டிகளின் பெல்ட்டில் இரும்பு ஆணிகள் பதித்திருப்பதைப் பார்த்ததும் மறுபடி எழுந்தார். மறுபடி உட்கார வைத்தேன். இந்த வயதில் எனக்கு இந்த வேலை தேவையா?

பிறகு அளவெடுப்பு. சிவப்புத் தாடி வைத்த பந்தய அதிகாரி ஒருவர் நீளமான துளைப்பான் ஒன்றைக் கொண்டுவந்து பனியில் நிறுத்திச் சுற்றினார். பொடிப் பனி மேலே வந்தது, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குபுக்கென்று எட்டிப் பார்த்தது.

"போர் போட்டான், ரெண்டு நிமிஷத்துல தண்ணி வந்துடுச்சி" என்றார் டீ மாஸ்டர் ஆத்திரத்தோடு. "எங்க மச்சான் சிங்கவரத்துல எண்ணூறு அடி போட்டான். பொகதான் வந்துச்சி. இதெல்லாம் நியாயமா?"

சிவப்புத் தாடி அளவுகோலை உள்ளே விட்டுக் காட்டினார். இரண்டடிக்கு ஒரு விரற்கடை கூடவே இருந்தது. லஸ்கர் தன் டேப்பைப் பிரித்து இரண்டடியைக் கையில் பிடித்துப் பார்த்தார். "ஒரு எடத்துல அளந்தா போதுமா? மதகு பக்கம் ஒன்னு, நடுவுல ஒன்னு, தண்ணி வழிஞ்சி ஓடுமே கோடி, அந்தப் பக்கம் ஒன்னு. மூனு எடம் அளக்க சொல்லு."

கலை அந்த மனிதரிடம் ஏதோ சொன்னது. அவர் ஏதோ கேட்டார். "நீ யாருன்னு கேக்கறார் நைனா. எங்க ஊரு ஏரிய பாத்துக்கறவருன்னு சொன்னேன்." சிவப்புத் தாடி தலையில் இருந்த ரோமக் குல்லாயைக் கழற்றினார். அந்தக் குளிரில், கழற்றிப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்துத் தலையைக் குனிந்தார். பிறகு துளைப்பானைத் தோளில் போட்டுக்கொண்டு போய் மூன்று இடத்திலும் அளந்து காட்டினார். லஸ்கர் எழுந்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். "தொழில் தெரிஞ்சவன் சார்" என்றார் என்னிடம். அன்றைய பொழுதில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

பந்தயம் தொடங்கியது. தொடங்கியது என்று சொல்வதற்குள் முடிந்தது. இரண்டு வண்டி நிற்கும், புகை விடும், பச்சை எரியும், வெள்ளைப் புழுதி கிளம்பும், அவ்வளவுதான். ஐந்தாறு நொடி. அடுத்த ஜோடி வர கால் மணி நேரம். ஊரே குளிரில் நடுங்கிக்கொண்டு இதற்காகவா நிற்கிறது? டீ மாஸ்டர் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார், அதற்குள் ஒரு பந்தயம் போயிற்று. "நம்ம வண்டிய ஸ்டாண்டுலேர்ந்து ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள நாலு ரேஸ் முடிஞ்சிடும்" என்றார் கண்டக்டர், சுவரைப் பார்த்து.

இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு கலையின் முறை வந்தது. மஞ்சள் வண்டி, கருப்பு ஹெல்மெட். பக்கத்தில் நீல வண்டி. போன் பிடித்தவள் தரைப் பக்கமாகக் காட்டினாள். மஞ்சள் வண்டிக்கு முன்னால், பனிக்குள் கருப்பாக நெளிந்து ஒரு கோடு ஓடியது. பச்சை விளக்கு எரிந்தது.

என் காதுக்குப் பக்கத்தில் விசில் வெடித்தது. நீளமாக ஒன்று.

நீல வண்டி பாய்ந்து போனது. மஞ்சள் வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. அங்கேயே நின்றது. புழுதி அடங்கிய பிறகும் கலை கைப்பிடியை விட்டு இரண்டு கையையும் தூக்கியபடி உட்கார்ந்திருந்தது. ஒன்பது வயதில் காலைத் தூக்கியபடி நின்ற மாதிரியே இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. "ஏண்ணா ஊதுனீங்க? அளந்தாச்சில்ல? மூனு எடத்துல அளந்தாச்சில்ல?" என்று கத்தினேன். பெரியவரிடம் நான் கத்தியது அதுதான் முதலும் கடைசியும்.

"விரிசல் பாத்தேன் சார்."

"அது விரிசல் இல்ல நைனா" என்றது கலை, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "பனிக்குள்ள அப்படித்தான் கோடு கோடா இருக்கும். ரெண்டடி கெட்டி. ஒரு மாசமா வேல முடிச்சிட்டு வந்து வந்து பழகினேன் நைனா."

டீ மாஸ்டர் "நல்லா பண்ணீங்க போங்க" என்று எழுந்தார். அதற்குள் சிவப்புத் தாடி வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஆளுக்கு இரண்டு ஓட்டம் உண்டாம், இரண்டில் எது நல்ல நேரமோ அதுதான் கணக்காம். டீ மாஸ்டர் மறுபடி உட்கார்ந்தார்.

இன்னொரு முக்கால் மணி நேரம் போயிற்று. மஞ்சள் வண்டி மறுபடி கோட்டுக்கு வந்தது. கலை திரும்பி நேராக போனைப் பார்த்தது.

"நைனா, நிறுத்துனது நீ. நீதான் ரெண்டு ஊதணும். நீ ஊதாம நான் ஆக்சிலேட்டர தொட மாட்டேன். லைட்டு பச்ச ஆனாலும் சரி."

அவர் வாயைத் திறந்தார். "நிறுத்துறதுதான் என் வேல" என்று தொடங்கினார். மீதி வரவில்லை. கை விசிலைப் பிடித்துக்கொண்டு நெஞ்சிலேயே இருந்தது. அங்கே சிவப்புத் தாடி நேரமாகிறது என்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

அப்போதுதான் கண்டக்டர் வாயைத் திறந்தார். அவலூர்பேட்டை பஸ்ஸுக்குப் பிறகு லஸ்கரிடம் அவர் பேசிய முதல் பேச்சு. "யோவ் லஸ்கரு. நானும் முப்பது வருஷம் ஊதுனவன்தான். ஒன்னு ஊதி நிறுத்துனவன் வண்டிய நடு ரோட்டுல வுட்டுட்டு போவக்கூடாதுயா. ஏறுனவங்க எல்லாம் ஏறிட்டாங்களான்னு பாக்கணும். பாத்துட்டேல்ல? மூனு எடத்துல பாத்துட்ட. ஊது."

லஸ்கர் விசிலை வாயில் வைத்தார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். சின்னதாக ஒன்று. சின்னதாக இன்னொன்று. அந்த மனிதர் இரண்டு ஊதி செஞ்சியில் யாரும் கேட்டதில்லை. கலை தலையை ஆட்டிவிட்டு முன்னால் குனிந்தது. பச்சை எரிந்தது.

படம் நின்றுபோனது. திரை நடுவில் வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது.

ஐந்து நொடிப் பந்தயத்துக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தவர்களுக்கு வட்டம் சுற்றிக் காட்டுகிறான் பாருங்கள். இந்த நெட்வொர்க்காரனை என்ன செய்தால் தகும்? டீ மாஸ்டர் கம்ப்யூட்டரின் தலையில் தட்டினார். நான் வயரைப் பிடுங்கிச் சொருகினேன். லஸ்கர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விசில் இன்னும் வாயிலேயே இருந்தது, மூச்சு விடுகிறாரா என்று தெரியவில்லை. கண்டக்டர் அவர் தோளில் கை வைத்திருந்தார். இரண்டு பேருக்குமே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

எத்தனை நேரமோ. படம் வந்தது. வெள்ளை ஏரி. தூரத்தில் மஞ்சள் வண்டி. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கலை போனை நோக்கி ஓடி வந்தது. இமையெல்லாம் பனி.

"கேட்டுது நைனா. ரெண்டும் கேட்டுது. கடைசிக்கு முந்துன எடம்."

"ஏரி இன்னா ஆச்சி?" என்று கேட்டார் லஸ்கர்.

"ஏரி அப்படியே இருக்குது நைனா."

"சரி. ஓடாத. மெதுவா கரைக்கு வா மொதல்ல." சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கண்டக்டர் டீ மாஸ்டரைப் பார்த்து, "இவருக்கு ஒரு டீ போடு, சக்கர தூக்கலா" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கம்போல நாற்காலி. "சார், அந்த பின்லாந்து மனு போயிடுச்சா?" போகவில்லை என்று பயந்துகொண்டே சொன்னேன். "நல்லதாப் போச்சி. வேற அடி. பொருள், என் மகள் தங்கள் ஏரியில் வண்டி ஓட்டுவதால், பனி எத்தனை கனம் இருக்கிறது என்று வாரா வாரம் தெரியப்படுத்தக் கோருதல்."

அடித்தேன். இதற்கும் முகவரி கிடையாது. அப்பன் நேராக மகளிடம் கேட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நேராகக் கேட்டால் பயப்படுகிறார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடுமாம்.

ஆகவே பனிக்காலம் வந்தால் எனக்கு இன்னொரு உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை கலையிடம் அளவு கேட்டுக்கொள்வேன். திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் ஒரு தாளில் அடிப்பேன்: "ஐயா, தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. மேற்படி ஏரியில் இவ்வாரம் பனி இரண்டடி மூன்று அங்குலம். மதகு, நடு, கோடி ஆகிய மூன்று இடங்களிலும் அளக்கப்பட்டது. இப்படிக்கு, ஏரிகள் துறை, பின்லாந்து." லஸ்கர் வந்து வாங்கி, இரண்டு முறை படித்து, நாலாக மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

என் பிரிண்டரில் இடது ஓரமாக ஒரு கறுப்புக் கோடு விழும். எத்தனை முறை ரிப்பேர் செய்தும் போகவில்லை. லஸ்கரின் எல்லா மனுக்களிலும் அது உண்டு, பின்லாந்திலிருந்து வரும் கடிதத்திலும் உண்டு. அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை தடவுவார். என்னைப் பார்ப்பார். ஊரில் ஒரு தப்பையும் விடாத அந்த மனிதர், இதற்கு மட்டும் இதுவரை விசில் ஊதியதில்லை.